மெதுவாகப் போகும் விரைவு ரயில்

ஆல்ப்ஸ் மலையைக் கடந்த முதல் பெரிய ரயில்பாதை உல்லாசப் பயணிகளுக்காகப் போடப்பட்டதல்ல. ஆஸ்திரியப் பேரரசின் தலைநகரான வியன்னாவுக்கும் அதன் முக்கியத் துறைமுகமான திரியெஸ்டேவுக்கும் நடுவே செம்மரிங் கணவாய் குறுக்கே நின்றது. சரக்கும் படையும் அதைத் தாண்டியாக வேண்டும். 1848-ல் ஐரோப்பா முழுவதும் புரட்சி வெடித்தபோது, வேலையில்லாமல் தெருவில் நின்றவர்களுக்கு வேலை கொடுக்கவும் ஒரு வழி தேவைப்பட்டது. இரண்டு காரணங்களும் சேர்ந்து பொறியாளர் கார்ல் ஃபான் கேகாவின் திட்டத்துக்கு உயிர் கொடுத்தன. 41 கிலோமீட்டர் நீளத்தில் 14 சுரங்கங்கள், 16 பெரும் பாலங்கள். அவற்றில் சில இரண்டு அடுக்கு வளைவுகள் கொண்டவை. எல்லாம் கல்லும் செங்கல்லும்தான்.

வேலை தொடங்கியபோது, அந்த ஏற்றத்தில் ரயிலை இழுத்துச் செல்லக்கூடிய இஞ்சின் உலகில் எங்கும் கிடையாது. பாதை தயாராகிக்கொண்டிருக்கும்போதே, 1851-ல், இஞ்சின் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. கலந்துகொண்ட நான்கும் ஏறிக் காட்டின. ஆனால் எதுவும் அன்றாட உழைப்புக்குத் தாங்கவில்லை. அவற்றின் குறைநிறைகளைப் பார்த்துப் புதிதாக ஒன்றை வடிவமைக்க வேண்டியதாயிற்று. 1854-ல் பாதை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து நேராகப் போகப் பணமும் கருவியும் இல்லாததால், கேகா மலையின் மடிப்புகளை ஒட்டி வளைந்து வளைந்து போனார். வண்டி மெதுவாகத்தான் போக முடிந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவருக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு புதுப் பள்ளத்தாக்கு தெரிந்தது. வியன்னாக்காரர்கள் வார இறுதியில் காற்று வாங்கக் கிளம்பினார்கள். ரயில் கம்பெனியே 1882-ல் அங்கே ஒரு பெரிய ஓட்டலைக் கட்டியது. ஆல்ப்ஸ் ரயில்களின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கும். பொறியாளர் வேறு வழியில்லாமல் போட்ட வளைவை, அடுத்த தலைமுறை டிக்கெட் போட்டு விற்கும்.

சுவிட்சர்லாந்தில் நிலைமை வேறு. அங்கே பயணிகள் முன்னே வந்தார்கள், ரயில் பின்னே வந்தது. முதல் உள்நாட்டுப் பாதை 1847-ல் சூரிச்சிலிருந்து பாடன் வரை சமவெளியில் போடப்பட்டது. மலைக்குள் போக வேண்டுமானால் குதிரை வண்டி, கோவேறு கழுதை, இல்லாவிட்டால் சொந்தக் கால். தாமஸ் குக் 1863-ல் முதல்முறையாக ஆங்கிலேயர் குழு ஒன்றைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனார். யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜெமைமா மோரல் என்ற பெண் அந்தப் பயணத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். நெடுநாள் காணாமல் போயிருந்த அந்தக் குறிப்பேடு இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிடைத்து, பயணத்தின் நூற்றாண்டான 1963-ல் புத்தகமாயிற்று. கால்வரை தொங்கும் பாவாடையோடு பெண்கள் பனியாற்றின் மேல் நடந்ததும், இருட்டோடு எழுந்து நாள் முழுவதும் கணவாய் ஏறியதும் அதில் பதிவாகியிருக்கின்றன. நடுத்தர வர்க்கத்து மனிதர் கைக்கெட்டும் காசில் ஆல்ப்ஸைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது அந்தப் பயணத்தோடு நிலைபெற்றது.

அப்படி வந்தவர்கள் தவறாமல் ஏறிய மலை, லூசர்ன் ஏரிக்கரையில் உள்ள ரிகி. உயரம் 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆல்ப்ஸ் கணக்கில் குன்றுதான். ஆனால் அதன் உச்சியிலிருந்து சூரிய உதயம் பார்ப்பது ஐரோப்பாவில் ஒரு சடங்கைப் போல ஆகிவிட்டிருந்தது. முதல் நாளே ஏறி ஓட்டலில் தங்க வேண்டும். விடிவதற்கு முன் கொம்பு ஊதி எழுப்புவார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்ல ஆட்கள் இருந்தார்கள். மார்க் ட்வைன் இந்தச் சடங்கை 1880-ல் வெளிவந்த தம் பயணநூலில் வயிறு குலுங்கும்படி கேலி செய்தார். மாலைவரை தூங்கிவிட்டு, மறையும் சூரியனை உதிக்கும் சூரியன் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதாக அதில் ஒரு இடம் வரும்.

இந்த மலையில் ரயில் விடலாம் என்று கண்டவர் நிக்லாஸ் ரிக்கன்பாக். சாதாரணத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஓரளவு ஏற்றத்துக்கு மேல் வழுக்கிவிடும். அவர் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஏணி போன்ற ஒரு பல்சட்டத்தைப் பதித்தார். இஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் அந்த ஏணிப்படிகளைப் பற்றிப் பற்றி ஏறும். 1863-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கினார். ஆனால் யாரும் நம்பவில்லை. அமெரிக்காவில் மவுண்ட் வாஷிங்டன் மலையில் சில்வெஸ்டர் மார்ஷ் இதே மாதிரி ஒன்றை ஓட்டிக் காட்டிய பிறகுதான் சுவிட்சர்லாந்திலும் காரியம் நகர்ந்தது. 1871 மே 21 அன்று விட்ஸ்னாவிலிருந்து ரிகிக்கு ரயில் ஓடியது. அது ரிக்கன்பாக்கின் 54-வது பிறந்தநாள். நான்கு அடி தூரத்துக்கு ஒரு அடி ஏறும் பாதை. கொதிகலனில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, முதல் இஞ்சின்களில் அதைப் பீப்பாயைப் போல நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

உச்சிக்கு ரயில் போயிற்றா என்றால், இல்லை. ரயில் அனுமதி கொடுப்பது அன்று மாநில அரசுகளான கான்டன்களின் கையில் இருந்தது. விட்ஸ்னாவ் கம்பெனிக்கு லூசர்ன் கான்டனின் அனுமதி மட்டுமே இருந்தது. அந்த எல்லை உச்சிக்குச் சற்றுக் கீழேயே முடிந்தது. மேலே இருந்த மிச்சப் பகுதி ஷ்வைஸ் கான்டனுக்குச் சொந்தம். அங்கே அனுமதி பெற்றிருந்ததோ மலையின் மறுபக்கத்திலிருந்து ஏற வந்த போட்டிக் கம்பெனி. அந்தப் போட்டிக்காரரே உச்சிவரை பாதை போட்டு, அதை விட்ஸ்னாவ் கம்பெனிக்கு வாடகைக்கு விட, 1873-ல்தான் ரயில் உச்சியை அடைந்தது. 1875-ல் போட்டிக் கம்பெனியின் சொந்த ரயிலும் மறுபக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. ஒரு குன்றுக்கு இரண்டு ரயில்கள்! இரண்டும் இன்றும் ஓடுகின்றன.

ரிகியின் லாபத்தைப் பார்த்து மலைக்கு மலை பல்சக்கர ரயில் முளைத்தது. எட்வர்ட் லோஹர் 1889-ல் பிலாட்டஸ் மலைக்குப் போட்ட பாதை மிகச் செங்குத்தான இடத்தில் 100 மீட்டருக்கு 48 மீட்டர் ஏறுகிறது. அந்தச் சரிவில் வழக்கமான பல்சக்கரம் சட்டத்தை விட்டு எகிறிவிடும் என்பதால், சட்டத்தின் இரு பக்கமும் பல் வைத்து, இரண்டு படுக்கைச் சக்கரங்கள் இடுக்கிபோலப் பிடிக்கும்படி செய்தார். உலகின் மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில் இன்றும் அதுதான். ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் இன்னொரு முறையைக் கண்டார். இரண்டு பல்சட்டங்களை அருகருகே வைத்து, ஒன்றின் பல்லுக்கு எதிரே மற்றதன் இடைவெளி வரும்படி அமைத்தார். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும், வண்டி குலுங்காது.

தமிழ்நாட்டுக்காரருக்கு ரிக்கன்பாக், ஆப்ட் என்ற இரண்டு பெயரும் அந்நியமானவையல்ல, பெயர் தெரியாவிட்டாலும் வேலையைப் பார்த்திருப்பார். நீலகிரிக்கு ரயில் விட 1880-களில் ஆலோசனை கேட்கப்பட்டவர் இதே ரிக்கன்பாக். அவர் மதிப்பீடும் கொடுத்தார். ஆனால் கடைசியில் மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் பதிக்கப்பட்டது ஆப்டின் இரட்டைப் பல்சட்டம். 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் ஊட்டி வரையிலும் ரயில் வந்தது. அதிகபட்ச ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. ஆப்ட் முறைக்கேற்ற நீராவி இஞ்சின்கள் பல சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி வந்தவை. வழியிலுள்ள கல்லாறில் வண்டி ‘கடகட’வென்று பல்லைக் கவ்வும் சத்தம், ஆல்ப்ஸில் பிறந்த சத்தம்.

ரிகி பொழுதுபோக்கு என்றால், கோத்தார்ட் வணிகம். வட ஐரோப்பாவின் நிலக்கரியும் இரும்பும் இத்தாலிக்கு இறங்க நேர்வழி கோத்தார்ட் கணவாய். ஐந்து குதிரை பூட்டிய தபால் வண்டி பனிமலையைச் சுற்றிச் சுற்றி ஏறிய காலம் அது. சூரிச் அரசியல்வாதியும் வங்கியாளருமான ஆல்ஃபிரட் எஷர் சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி மூன்றையும் பணம் போட வைத்தார். மலைக்கடியில் 15 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டும் ஒப்பந்தத்தை ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஃபாவர் எடுத்தார். எட்டு ஆண்டில் முடிக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ஃபிராங்க் அபராதம் என்ற நிபந்தனையில் அவர் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளிகள். உள்ளே தாங்க முடியாத வெக்கை, டைனமைட் புகை, முழங்கால் சேறு. கழிப்பிடம் கிடையாது, கொக்கிப்புழு நோய் ஆயிரக்கணக்கானவரின் இரத்தத்தை உறிஞ்சியது. 1875-ல் சுரங்க வாயிலில் உள்ள கோஷெனனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். சுரங்க வேலையில் மாண்டவர்கள் சுமார் 200 பேர்.

ஃபாவரும் தப்பவில்லை. 1879 ஜூலையில் சுரங்கத்தைப் பார்வையிடப் போனவர் உள்ளேயே நெஞ்சடைத்து இறந்தார். அடுத்த பிப்ரவரியின் கடைசி நாளில் இருபுறத்துச் சுரங்கமும் சந்தித்தன. துளையிட்டதும் அதன் வழியே முதலில் அனுப்பப்பட்டது ஒரு தகரப்பெட்டி. அதற்குள் ஃபாவரின் படம் இருந்தது. செலவு கைமீறிப் போனதற்காக எஷர் முன்பே பதவி விலக வைக்கப்பட்டிருந்தார். 1882-ல் ரயில் ஓடத் தொடங்கியது, அதே ஆண்டின் இறுதியில் அவரும் இறந்தார்.

சுரங்கத்தைவிடப் பயணிகள் நினைவில் நின்றது அதற்கு ஏறிப்போகும் வழி. பள்ளத்தாக்கு ரயில் ஏற முடியாத அளவுக்குச் சட்டென்று உயர்கிறது. ஆகவே பாதை மலைக்குள்ளேயே வட்டமடித்து, நுழைந்த இடத்துக்கு மேலே வெளிவருகிறது. வாஸன் கிராமத்தின் வெள்ளை மாதாகோயில் இதனால் மூன்று முறை கண்ணில் படும்: முதலில் தலைக்கு மேலே, பிறகு ஜன்னலுக்கு நேரே, கடைசியில் காலுக்குக் கீழே. சரக்கு ரயிலுக்காகப் போட்ட கணக்கு அது. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சுவிஸ் குழந்தைகள் அந்தக் கோயிலை எண்ணிக்கொண்டே போனார்கள்.

கிழக்கு மூலையான கிராவ்பூண்டன் கான்டனில் மலைக்குள் ரயில் ஏறியதற்கு ஒரு காசநோயாளியின் மரணம் காரணம். டச்சுக்காரரான வில்லெம் யான் ஹோல்ஸ்போயர் கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு லண்டனில் வங்கி வேலையில் இருந்தவர். நோயுற்ற இளம் மனைவியை 1867-ல் டாவோஸ் மலைக்காற்றுக்கு அழைத்து வந்தார். மனைவி பிழைக்கவில்லை. அவர் ஊர் திரும்பாமல், அங்கேயே மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து சிகிச்சை இல்லம் நடத்தினார். நோயாளிகளைக் குதிரை வண்டியில் மணிக்கணக்காகக் குலுக்கிக்கொண்டு வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் தொடங்கிய சிறு கம்பெனியின் மீட்டர் கேஜ் பாதை, லாண்ட்குவார்ட்டிலிருந்து டாவோஸ் வரை, 1890-ல் முடிந்தது. தாமஸ் மன் 1924-ல் வெளியிட்ட ‘மாய மலை’ நாவலின் நாயகன் முதல் அத்தியாயத்தில் ஏறிவருவது இந்த ரயிலில்தான்.

அந்தச் சிறு கம்பெனிதான் வளர்ந்து ரேத்தியன் ரயில்வே ஆனது. அதன் தலைசிறந்த வேலை துசிஸிலிருந்து செயிண்ட் மோரிட்ஸ் போகும் அல்புலா பாதை. 1898-ல் தொடங்கி 1903-ல் பெரும்பகுதியும், 1904-ல் செயிண்ட் மோரிட்ஸ் வரையிலும் திறக்கப்பட்டது. பொறியாளர் ஃபிரீட்ரிஹ் ஹென்னிங்ஸ் பல்சட்டம் வேண்டாம், 1,000-க்கு 35-க்கு மேல் ஏற்றமும் வேண்டாம் என்று முடிவு செய்தார். பெர்குன், பிரேடா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே காக்கை பறக்கும் தூரம் சுமார் 5 கிலோமீட்டர். உயர வேறுபாடு 400 மீட்டருக்கு மேல். ஹென்னிங்ஸ் அதை 12 கிலோமீட்டர் பாதையாக இழுத்தார். அந்தப் பகுதியில் ரயில் தன் பாதையையே மேலிருந்து பல தடவை பார்க்கிறது. எந்தப் பக்கம் போகிறோம் என்பது பயணிக்குச் சீக்கிரமே குழம்பிவிடும்.

லாண்ட்வாஸர் பாலம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், ஆறு வளைவுகள். 100 மீட்டர் ஆரத்தில் வளைந்து, செங்குத்தான பாறையின் நடுவே உள்ள சுரங்க வாயில் நேராக நுழைகிறது. ஆற்றின் வெள்ளம் அடித்துப் போய்விடும் என்பதால் தூண்களுக்குச் சாரம் கட்டவில்லை. தூணுக்குள்ளேயே இரும்புக் கோபுரம் ஒன்றை நிறுத்தி, அதன் மேலிருந்த பளுதூக்கியால் கல்லை ஏற்றி, கோபுரத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டே போனார்கள். அந்த இரும்பு இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றுலா விளம்பரங்களில் ஆல்ப்ஸ் ரயில் என்றாலே இந்தப் பாலம்தான். போட்டோவுக்கென்று கட்டியதோ என்று தோன்றும். உண்மையில் அது அந்தப் பள்ளத்தாக்கைக் கடக்கப் பொறியாளர்கள் கண்ட வழி.

செயிண்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் டிரானோவுக்கு இறங்கும் பெர்னினா பாதை 1910-ல் முடிந்தது. நீராவிப் பக்கமே போகாமல் முதல் நாளிலிருந்தே மின்சாரத்தில் ஓடிய பாதை இது. 2,253 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ ஊட்டியின் உயரத்தில், ஆனால் சுற்றிலும் பனியாறுகளோடு, கணவாயைத் திறந்த வெளியில் கடக்கிறது. 100-க்கு 7 ஏற்றத்தைப் பல்சட்டம் இல்லாமலே சமாளிக்கிறது. புரூசியோவில் இறங்க இடம் போதாததால், ஒன்பது வளைவுகள் கொண்ட கல்பாலத்தை வெட்டவெளியில் வட்டமாகக் கட்டி, ரயிலைத் தன் காலடியிலேயே நுழைய விட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்து மலை ரயில் ஆசையின் உச்சம் யுங்ஃப்ராவ். சூரிச் தொழிலதிபர் அடோல்ஃப் குயர்-செல்லர் 1893-ல் மலையில் நடந்துகொண்டிருந்தபோது இந்தத் திட்டம் அவர் மனதில் உருவானதாகச் சொல்வார்கள். ஐகர், மோன்ஹ் மலைகளின் வயிற்றைக் குடைந்து உச்சிக்குச் சற்றுக் கீழேவரை ரயில், அங்கிருந்து உச்சிக்கு மின்தூக்கி. 1896-ல் வேலை ஆரம்பித்தது. 1899-ல் அவர் இறந்துபோனார். ஏழே ஆண்டில் முடிவதாக இருந்தது பதினாறு ஆண்டு நீண்டது. பணம் தீர்ந்து தீர்ந்து போனதால், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதுவரை ரயில் விட்டுக் காசு சேர்த்தார்கள். ஐகரின் செங்குத்துச் சுவரில் ஜன்னல் வெட்டி ஒரு நிலையம் அமைத்தது இப்படித்தான். 1912 ஆகஸ்ட் 1, சுவிஸ் தேசிய தினத்தன்று, 3,454 மீட்டர் உயரத்தில் யுங்ஃப்ராயோஹ் நிலையம் திறக்கப்பட்டது. உச்சிக்குப் போகும் மின்தூக்கி கட்டப்படவேயில்லை.

இதற்குள் எதிர்ப்பும் வளர்ந்திருந்தது. மேட்டர்ஹார்ன் சிகரத்துக்கே ரயில் விட அனுமதி கேட்டபோது, 1905-ல் தொடங்கப்பட்ட மரபுப் பாதுகாப்புச் சங்கமும் மலையேறிகளும் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். ஏறத்தாழ 70,000 பேர் கையெழுத்திட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. ரயில் மலையைக் காட்டலாம், மலையாகவே ஆகிவிடக் கூடாது என்ற எல்லைக்கோடு அப்போது விழுந்தது. அந்தக் கோட்டைக் காத்தது மனச்சாட்சி மட்டுமல்ல. 1914-ல் வந்த போர் ஓட்டல்களைக் காலி செய்து முதலாளிகளின் பணத்தையும் காலி செய்தது. போர்க்கால நிலக்கரிப் பஞ்சத்தில் பட்ட பாட்டால், சுவிஸ் ரயில்வே தன் மலையருவிகளின் பக்கம் திரும்பியது. கோத்தார்ட் பாதை 1922-க்குள் நீர்மின்சாரத்துக்கு மாறியது. சுரங்கத்தில் புகையில்லை என்றதும் பயணிகள் ஜன்னலைத் தைரியமாகத் திறந்தார்கள்.

செர்மாட்டையும் செயிண்ட் மோரிட்ஸையும் இணைக்கும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் இந்தக் கடன்பட்ட காலத்தின் பிள்ளை. மேற்கே 1891-லிருந்து ஓடிய விஸ்ப் - செர்மாட் பாதை. கிழக்கே ரேத்தியன் ரயில்வே. நடுவே ஃபூர்கா, ஓபரால்ப் என இரண்டு உயர்ந்த கணவாய்கள். அவற்றைக் கடக்கப் பிரெஞ்சு மூலதனத்தில் தொடங்கிய கம்பெனி, பாதி வழியில் போர் வந்து, 1923-ல் திவாலாயிற்று. புதிய கம்பெனி ஒன்று எடுத்து 1926-ல் பாதையை முடித்தது. பிரிக், விஸ்ப் நகரங்களுக்கு இடையிலிருந்த சிறு இடைவெளியும் 1930-ல் மீட்டர் கேஜால் நிரப்பப்பட, அந்த ஜூன் 25 அன்று முதல் வண்டி கிளம்பியது. மூன்று கம்பெனிகளுக்கும் காலி இருக்கைகளை நிரப்ப வேண்டியிருந்தது. 291 கிலோமீட்டரைக் கடக்க இன்றும் சுமார் எட்டு மணி நேரம் ஆகிறது. உலகிலேயே மிக மெதுவான விரைவு ரயில் என்று அதுவே தன்னைப் பெருமையாக விளம்பரப்படுத்திக்கொள்கிறது. ஏற்றத்தில் மது சிந்தாதிருக்க, தண்டு சாய்ந்த கண்ணாடிக் கோப்பையும் நினைவுப் பொருளாக விற்றார்கள்.

பெயரில் உள்ள கிளேசியர், ரோன் பனியாறு. கிளெட்ஷ் என்ற இடத்தில் பாதைக்கு அருகே மலைச்சரிவில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஃபூர்கா பாதை ஆண்டில் பாதி நாள் பனியில் மூடிக்கிடக்கும். குளிர்காலத்தில் மின்கம்பிகளைக்கூடக் கழற்றி வைப்பார்கள். இதற்கு முடிவு கட்ட 15.4 கிலோமீட்டர் நீளமான ஃபூர்கா அடிவாரச் சுரங்கம், மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டிய செலவில், 1982-ல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து கிளேசியர் எக்ஸ்பிரஸ் குளிர்காலத்திலும் ஓடுகிறது. பெயர் கொடுத்த பனியாறு மட்டும் அதன் ஜன்னலில் தெரிவதில்லை. பனியாறும் பின்வாங்கிப் பின்வாங்கி, இப்போது கிளெட்ஷிலிருந்து பார்த்தாலே கண்ணுக்குப் படாத உயரத்துக்குப் போய்விட்டது. கோடையில் அதன் ஓரத்தை வெள்ளைத் துணி போர்த்தி வெயிலிலிருந்து காக்கிறார்கள்.

கோத்தார்டிலும் இதே கதை. 57 கிலோமீட்டர் நீளமான அடிவாரச் சுரங்கம் 2016-ல் திறக்கப்பட்டதும், விரைவு வண்டிகளும் சரக்கும் மலைக்கடியில் போய்விட்டன. வாஸன் கோயிலை இப்போது கடப்பவை பிராந்திய ரயில்களும், அதைப் பார்க்கவென்றே வருபவர்களின் சுற்றுலா வண்டியும்தான். செம்மரிங் 1998-லும், அல்புலா - பெர்னினா 2008-லும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. நீலகிரி ரயில் இரண்டுக்கும் நடுவே, 2005-ல் ஏறியது.

கைவிடப்பட்ட ஃபூர்கா மலைப்பாதையைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்தார்கள். அதில் ஓடிய பழைய நீராவி இஞ்சின்கள் சிலவற்றை, மின்சாரம் வந்ததும் 1940-களில் வியட்நாமின் தா லாட் மலைப்பாதைக்கு விற்றிருந்தார்கள். அங்கே போரில் பாதை அழிந்து, இஞ்சின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-ல் அவற்றைக் கண்டெடுத்து, கப்பலில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1992-ல் ஒரு துண்டுப் பாதையில் ரயில் ஓடியது. 2010-ல் முழுப் பாதையும் உயிர்பெற்றது. வழியில் ஷ்டெஃபன்பாக் ஓடையைத் தாண்டும் பாலம் 1925-ல் போட்டது. பனிச்சரிவு வழக்கமாக இறங்கும் இடம் என்பதால் மடக்கக்கூடிய பாலமாகச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தன்னார்வலர்கள் அதை நடுவே பிரித்து, இரு கரைக்கும் இழுத்து மடக்கி வைக்கிறார்கள். கோடை வந்ததும் மறுபடி விரித்துப் பொருத்துகிறார்கள்.